மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சை: கத்தி சிறிதான கதை

இந்த முறை கொஞ்சம் கனமான விஷயம். ஆனால் ஆண், பெண் வித்தியாசமில்லாமல் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். அதனால் பொறுமையாகக் கடைசிவரை படித்துவிடுங்கள்.

நம் வீட்டுப் பெண்களில் பலர் மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டால் முதலில் யாரிடமும் சொல்வதில்லை. வலிக்கவில்லையே, தானாகக் கரைந்துவிடும் என்று மாதக்கணக்கில் தள்ளிப் போடுவார்கள். கூச்சம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் பயம். "ஆஸ்பத்திரிக்குப் போனால் மொத்தமாக அறுத்து எடுத்துவிடுவார்கள், அப்புறம் கையைத் தூக்கவே முடியாது, வாழ்நாள் முழுக்கப் படுக்கைதான்" என்ற பயம்.

இந்தப் பயத்தை வெறும் அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. ஒரு காலத்தில் உண்மையிலேயே அப்படித்தான் நடந்தது. உலகின் மிகச் சிறந்த மருத்துவமனைகளில், மிகச் சிறந்த மருத்துவர்கள் கையால், ஏறக்குறைய 80 வருடம் அப்படித்தான் நடந்தது. பிறகு அது மாறியது. ஆனால் அது மாறிய செய்தி நம் மனதுக்கு இன்னும் வந்து சேரவில்லை. இந்தக் கட்டுரை அந்த மாற்றத்தின் வரலாறு. கடைசியில் இன்று இந்த ஆபரேஷனுக்குப் போகும் ஒருவர் என்ன எதிர்பார்க்கலாம் என்பதையும் எழுதியிருக்கிறேன். (நான் மருத்துவ மாணவன் இல்லை. அவரவர் விஷயத்தில் அவரவர் டாக்டர் சொல்வதுதான் முடிவு.)

மயக்க மருந்துக்கு முன்னால்

மார்பகக் கட்டியைப் பற்றிய மிகப் பழைய குறிப்புகளில் ஒன்று எகிப்தில் கிடைத்த ஒரு பாப்பிரஸ் சுருளில் இருக்கிறது. கி.மு. 1600 வாக்கில் எழுதப்பட்டது. பல நோய்களுக்கு வைத்தியம் சொல்லும் அந்தச் சுருள், மார்பில் குளிர்ந்து, கெட்டியாக, புடைத்து நிற்கும் கட்டிக்கு வைத்தியம் இல்லை என்று ஒதுங்கிவிடுகிறது. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் காலன் என்ற மருத்துவர், உடலில் கரும்பித்தம் தேங்குவதால் புற்றுநோய் வருகிறது என்றார். ஐரோப்பா அதை ஆயிரம் வருடத்துக்கு மேல் நம்பியது.

அறுவை சிகிச்சை அப்போதும் உண்டு. எப்படி இருந்தது என்பதை நாம் தெரிந்துகொள்ள ஒரு பெண் எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். பெயர் ஃபேனி பர்னி. ஆங்கில நாவலாசிரியை. பிரெஞ்சுக்காரர் ஒருவரை மணந்து பாரிஸில் வாழ்ந்தவர். 1811 செப்டம்பர் 30 அன்று, தன் 59-ஆவது வயதில், சொந்த வீட்டிலேயே அவருக்கு ஆபரேஷன் நடந்தது. செய்தவர் நெப்போலியனின் படையில் புகழ்பெற்ற டொமினிக் லாரே. மயக்க மருந்து கிடையாது. குடிக்கக் கொஞ்சம் மது கலந்த பானம், முகத்தின் மேல் ஒரு மெல்லிய கைக்குட்டை, அவ்வளவுதான். துணி மெல்லியது என்பதால் அதன் வழியாகக் கத்தி பளபளப்பதை அவரால் பார்க்க முடிந்தது! சுமார் 20 நிமிடம். நடுவில் இரண்டு முறை மயங்கினார். பிறகு தன் அக்காவுக்கு இதைப் பற்றி ஒரு நீண்ட கடிதம் எழுதினார். எழுதி முடிக்கவே மாதக்கணக்கானது. எழுதியதைத் திரும்பப் படிக்கும் தைரியம் அவருக்கு வரவில்லை.

பர்னி அதன் பிறகு 28 வருடங்கள் வாழ்ந்து 1840-இல், 87 வயதில் இறந்தார். கட்டியை நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கும் வழக்கம் இல்லாத காலம் என்பதால், அது புற்றுநோய்தானா என்று சந்தேகப்படுகிறவர்களும் உண்டு.

இதில் ஒரு வேதனை என்ன தெரியுமா? அதற்கு ஏழு வருடம் முன்பே, 1804 அக்டோபர் 13 அன்று, ஜப்பானில் ஹனவோகா செய்ஷூ என்ற மருத்துவர் 60 வயதுப் பெண் ஒருவரை முழுமையாக மயக்கத்தில் ஆழ்த்தி, மார்பகக் கட்டியை அகற்றியிருந்தார். அவர் தந்த மருந்தில் முக்கியமானவை ஊமத்தையும் நாபிக் கிழங்கும். இரண்டுமே நம் நாட்டு வைத்தியர்களுக்கும் தெரிந்த விஷச் செடிகள்தான். மருந்தின் அளவைக் கண்டுபிடிக்க அவர் மனைவி தன்னையே சோதனைக்குக் கொடுத்துப் பார்வையை இழந்தார் என்பது அங்கே வழங்கிவரும் வரலாறு. ஹனவோகா அதன் பிறகு 150-க்கும் மேற்பட்ட மார்பகப் புற்றுநோய் ஆபரேஷன்களைச் செய்தார். ஆனால் ஜப்பான் அப்போது வெளியுலகத்துக்குக் கதவை மூடி வைத்திருந்த நாடு. செய்தி பாரிஸுக்குப் போகவில்லை. மேற்கு நாடுகள் மயக்க மருந்தை ஏற்றுக்கொள்ள 1846 வரை, பாஸ்டன் நகரில் ஈதர் கொடுத்து ஆபரேஷன் செய்து காட்டப்பட்ட நாள் வரை, காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஹால்ஸ்டெட் வருகிறார்

மயக்க மருந்து வந்தது. 1867-இல் ஜோசப் லிஸ்டர் கிருமிநாசினி முறையை வெளியிட்டார். வலியும் சீழும் கட்டுக்குள் வந்ததும் மருத்துவர்களுக்குத் துணிச்சல் வந்தது. "இன்னும் கொஞ்சம் ஆழமாக வெட்டலாமே" என்ற துணிச்சல்.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை 1889-இல் திறக்கப்பட்டது. அதன் அறுவை சிகிச்சைத் துறைக்குத் தலைவரானவர் வில்லியம் ஸ்டூவர்ட் ஹால்ஸ்டெட். சாதாரண ஆள் இல்லை. ஆபரேஷன் தியேட்டரில் ரப்பர் கையுறை அணியும் பழக்கத்தைக் கொண்டுவந்தவர் அவர்தான். (கிருமிநாசினி பட்டுக் கை புண்ணான ஒரு நர்ஸுக்காக முதலில் செய்ய வைத்தார். பிறகு அந்த நர்ஸையே மணந்துகொண்டார்!)

மார்பகப் புற்றுநோய் ஒரு புள்ளியில் தொடங்கி, தண்ணீரில் கல் போட்டால் வட்டம் விரிவது போல, அக்கம்பக்கத்துக்கு ஒழுங்காகப் பரவுகிறது என்பது ஹால்ஸ்டெட்டின் கொள்கை. அப்படியானால் என்ன செய்ய வேண்டும்? அந்த வட்டத்துக்கு வெளியே போய் வெட்ட வேண்டும். அவர் மார்பகத்தை எடுத்தார். அதன் அடியிலிருந்த மார்புத் தசைகளை எடுத்தார். அக்குளில் இருந்த நிணநீர்க் கணுக்களையும் (நாம் நெறி கட்டியிருக்கிறது என்போமே, அவைதான்) மொத்தமாக எடுத்தார். 1894-இல் 50 பெண்களின் முடிவுகளை வெளியிட்டார். மற்றவர்களின் ஆபரேஷனுக்குப் பிறகு பாதிப் பேருக்கு மேல் அதே இடத்தில் கட்டி திரும்பி வந்துகொண்டிருந்தது. ஹால்ஸ்டெட்டின் 50 பேரில் மூன்றே பேருக்குத்தான் அப்படி வந்தது.

அசத்தலான முடிவுதான். ஆனால் கவனியுங்கள். "அதே இடத்தில் திரும்ப வரவில்லை" என்பது வேறு, "அந்தப் பெண் பிழைத்தார்" என்பது வேறு. நுரையீரலுக்கும் எலும்புக்கும் ஏற்கெனவே போய்விட்ட நோயை, மார்பில் எவ்வளவு ஆழமாக வெட்டினாலும் எடுக்க முடியாது. இந்த வித்தியாசத்தை உலகம் சரியாகச் சோதித்துப் பார்க்கக் கிட்டத்தட்ட 80 வருடமாயிற்று.

அந்த இடைப்பட்ட காலத்தில் ஆபரேஷன் முடிந்து எழுந்த பெண்களின் நிலை என்ன? மார்புக்கூடு குழிந்து, தோலுக்கு அடியில் விலா எலும்புகள் தெரியும். தோள் முன்னால் சரியும். கை வீங்கும், சிலருக்குப் பல மடங்காக. இந்தக் கை வீக்கத்துக்கு ஹால்ஸ்டெட்டே 1921-இல் லத்தீனில் ஒரு பெயர் வைத்தார். தமிழில் சொன்னால் "அறுவையால் வந்த யானைக்கால்". நம் ஊரில் யானைக்காலைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயரின் கனம் புரியும்.

அவர் கொடுமைக்காரர் இல்லை. அந்தக் காலத்தில் பெண்கள் கட்டி மிகப் பெரிதான பிறகுதான் வந்தார்கள். வேறு மருந்தும் இல்லை. தவறு நடந்தது அதற்குப் பிறகு. அவருடைய மாணவர்கள் ஊர் ஊராகப் பெரிய மருத்துவர்கள் ஆனார்கள். குருவின் ஆபரேஷன் வேதவாக்கு ஆனது. குறைத்து வெட்டுகிறவன் கோழை என்ற எண்ணம் வந்தது. 1950-களில் சிலர் இன்னும் மேலே போய், மார்பெலும்புக்குப் பின்னால் இருக்கும் கணுக்களையும் தோண்டி எடுத்தார்கள்.

"நிரூபித்துக் காட்டுங்கள்"

எதிர்ப்புக் குரல்கள் இல்லாமல் இல்லை. லண்டனில் ஜெஃப்ரி கெய்ன்ஸ் (பொருளாதார மேதை ஜான் மேனார்ட் கெய்ன்ஸின் தம்பி) 1920-களிலேயே கட்டியை மட்டும் எடுத்துவிட்டு ரேடியம் ஊசிகளை வைத்துச் சிகிச்சை செய்தார். 1948-இல் லண்டனின் பேட்டி, மார்புத் தசையை விட்டுவைத்துச் செய்யும் முறையை வெளியிட்டார். அமெரிக்காவில் க்ளீவ்லாண்டின் ஜார்ஜ் க்ரைல், 1950-களில் ஹால்ஸ்டெட் முறையையே கைவிட்டார். சக மருத்துவர்கள் அவர் மேல் பாய்ந்தார்கள்.

ஆனால் இவர்கள் எல்லோரும் சொன்னது "என் அனுபவத்தில்..." என்ற வகை. எதிர்த்தரப்பும் அதையேதான் சொன்னது. அனுபவத்துக்கு அனுபவம் சரியாகப் போயிற்று!

முடிச்சை அவிழ்த்தவர் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் பெர்னார்ட் ஃபிஷர். புற்றுநோய் வட்டம் வட்டமாக விரிவதில்லை, ஆரம்பத்திலேயே ரத்தத்தின் வழியாகப் பரவக்கூடியது என்று ஆய்வுக்கூடத்தில் அவர் கண்டிருந்தார். அது உண்மையானால், ஆழமாக வெட்டுவதால் பெரிய லாபம் இருக்கக் கூடாது. சோதித்துப் பார்க்க ஒரே வழி, நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒவ்வொரு குழுவுக்கும் ஒவ்வொரு ஆபரேஷன் செய்து பல வருடம் கவனிப்பது.

1971-இல் முதல் பெரிய ஆய்வு தொடங்கியது. 1,700-க்கும் மேற்பட்ட பெண்கள் சேர்ந்தார்கள். அக்குளில் நெறி தட்டுப்படாத பெண்களை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு ஹால்ஸ்டெட் முறை. ஒரு பகுதிக்குத் தசையைத் தொடாமல் மார்பகத்தை மட்டும் எடுப்பது. ஒரு பகுதிக்கு மார்பகத்தை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சும் கொடுப்பது. 25 வருடம் கவனித்தார்கள். உயிர் பிழைத்திருப்பதில் எந்த வித்தியாசமும் இல்லை.

1976-இல் அடுத்த கேள்வி. மார்பகத்தையே எடுக்க வேண்டுமா? கட்டியையும் அதைச் சுற்றிக் கொஞ்சம் நல்ல திசுவையும் மட்டும் எடுத்தால் போதாதா? 20 வருடம் கழித்தும் பிழைத்திருந்தவர்களின் விகிதம் ஒன்றேதான். ஆனால் இன்னொரு முக்கியமான உண்மையும் தெரிந்தது. கட்டியை மட்டும் எடுத்துவிட்டு அப்படியே விட்டால், 39 சதவீதம் பேருக்கு அதே மார்பகத்தில் கட்டி திரும்ப வந்தது. கதிர்வீச்சும் கொடுத்தால் அது 14 சதவீதமாகக் குறைந்தது. "மார்பகத்தைக் காப்பாற்றிவிட்டோம், இனி எதற்கு ரேடியேஷன்?" என்று கேட்பவர்களுக்கு இந்த இரண்டு எண்களே பதில்.

இதே காலத்தில் இத்தாலியின் மிலான் நகரில் உம்பெர்ட்டோ வெரோனேசி 701 பெண்களை வைத்துத் தனியாக ஓர் ஆய்வு நடத்தினார். சிறிய கட்டி உள்ளவர்களுக்கு மார்பகத்தின் கால் பகுதியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தார். அவருக்கும் அதே முடிவு. ஃபிஷர், வெரோனேசி இருவரின் 20 வருட முடிவுகளும் 2002 அக்டோபரில் ஒரே மருத்துவ இதழின் ஒரே வெளியீட்டில் வந்தன.

யோசித்துப் பாருங்கள். 1971-இல் தெரிந்துகொள்ள முடிந்ததை 1911-இலும் தெரிந்துகொண்டிருக்கலாம். அதற்குப் புதிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. "குரு சொன்னது சரியா?" என்று கேட்கும் மனமும், பொறுமையாக எண்ணிப் பார்க்கும் பழக்கமும் மட்டும்தான் தேவைப்பட்டன.

பெண்கள் வாயைத் திறந்தார்கள்

மருத்துவர்கள் மட்டும் மாற்றிய கதை இல்லை இது. 1970-கள் வரை அமெரிக்காவில் ஒரு வழக்கம் இருந்தது. கட்டியோடு வரும் பெண்ணை மயக்கத்தில் ஆழ்த்தி, ஒரு துண்டை வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். புற்றுநோய் என்று வந்தால், அவரை எழுப்பாமலேயே மார்பகத்தை எடுத்துவிடுவார்கள். கண் விழித்து, கையால் தடவிப் பார்த்துத்தான் அந்தப் பெண் தெரிந்துகொள்வார்.

1972-இல் இதற்கு மறுத்தார் ஷெர்லி டெம்பிள் பிளாக். ஆமாம், குழந்தை நட்சத்திரமாக உலகப் புகழ்பெற்ற அதே ஷெர்லி டெம்பிள்தான். பரிசோதனை தனியாக, முடிவைத் தானே எடுத்த பிறகு ஆபரேஷன் தனியாக என்று நின்று, அதை வெளிப்படையாகவும் சொன்னார். 1974 செப்டம்பரில் அமெரிக்க அதிபரின் மனைவி பெட்டி ஃபோர்ட் தனக்கு ஆபரேஷன் நடந்ததை மறைக்காமல் அறிவித்தபோது, நாடு முழுவதும் பெண்கள் பரிசோதனைக்கு வரிசையில் நின்றார்கள். அதே வருடம் கட்டியைக் கண்டுபிடித்த ரோஸ் குஷ்னர் என்ற பத்திரிகையாளர், பரிசோதனையை மட்டும் செய்ய ஒத்துக்கொள்ளும் டாக்டரைத் தேடி அலைந்தார். அடுத்த வருடமே அதைப் பற்றிப் புத்தகம் எழுதினார். 1979-இல் அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு நிறுவனம் கூட்டிய நிபுணர் குழுவில் அவரும் உட்கார்ந்திருந்தார். ஹால்ஸ்டெட் முறை இனி வழக்கமான சிகிச்சை இல்லை என்று அந்தக் குழுதான் சொன்னது.

இன்று முதலில் ஊசியால் சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதித்து, முடிவைச் சொல்லி, பேசி முடிவு செய்த பிறகு ஆபரேஷன் தேதி குறிக்கிறார்களே, அது தானாக வந்த வசதி இல்லை. கேட்டு வாங்கியது.

அக்குளின் முறை

மார்பகம் தப்பித்தது. ஆனால் அக்குள் கணுக்களை மொத்தமாக எடுப்பது தொடர்ந்தது. கை வீக்கத்துக்கு முக்கியக் காரணமே அதுதான். 1993, 1994-இல் அமெரிக்காவில் டேவிட் க்ராக், அர்மாண்டோ ஜூலியானோ ஆகியோர் தனித்தனியாக ஒரு புதிய வழியை வெளியிட்டார்கள். மார்பகத்தில் கதிரியக்கப் பொருளையோ நீலச் சாயத்தையோ செலுத்தினால், அது முதலில் போய்ச் சேரும் ஒன்றிரண்டு கணுக்களைக் கண்டுபிடிக்கலாம். வீட்டு வாசலில் நிற்கும் காவல்காரன் போன்றவை அவை. காவல்காரனைத் தாண்டி நோய் வரவில்லை என்றால் உள்ளே தேட வேண்டியதில்லை. மொத்தக் கணுக்களையும் எடுத்தால் சுமார் ஐந்தில் ஒருவருக்குக் கை வீக்கம் வருகிறது. காவல் கணுக்களை மட்டும் எடுத்தால் சுமார் இருபதில் ஒருவருக்கு!

2011-இல் வெளியான ஓர் ஆய்வு, மார்பகத்தைக் காத்துக் கதிர்வீச்சு பெறுபவர்களில் ஒன்றிரண்டு காவல் கணுக்களில் நோய் இருந்தாலும் மீதியை எடுக்காமல் விடலாம் என்று காட்டியது. 2023-இல் மிலானிலிருந்து வந்த ஆய்வு, மிகச் சிறிய கட்டியும் ஸ்கேனில் சுத்தமான அக்குளும் உள்ளவர்களில் பலருக்குக் காவல் கணுவையே தொட வேண்டாம் என்கிறது. கத்தி இன்னும் சிறிதாகிக்கொண்டுதான் இருக்கிறது.

இன்று என்ன எதிர்பார்க்கலாம்?

கட்டியை மட்டும் எடுக்கும் ஆபரேஷன் என்றால், பல இடங்களில் அன்றோ மறுநாளோ வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். முழு மார்பகத்தையும் எடுத்தால் ஓரிரு நாட்கள், மருத்துவமனையைப் பொறுத்து இன்னும் சில நாட்கள். கட்டி பெரிதாக இருந்தாலோ, பல இடங்களில் இருந்தாலோ, கதிர்வீச்சு கொடுக்க முடியாத நிலை இருந்தாலோ இன்றும் முழு மார்பகத்தை எடுக்கச் சொல்வார்கள். ஆனால் மார்புத் தசைகளை விட்டுவைப்பார்கள். தோள் சரிவதில்லை. சிலருக்கு முதலில் கீமோ கொடுத்துக் கட்டியைச் சுருக்கிவிட்டு ஆபரேஷன் செய்வதும் உண்டு.

முழு மார்பகத்தையோ அக்குள் கணுக்களையோ எடுத்தவர்களுக்குத் தோலுக்கு அடியிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வைப்பார்கள். நீர் அதன் முனையிலுள்ள குடுவையில் சேரும். முதலில் சிவப்பாக வரும், போகப் போக வெளிறும். தினமும் அளந்து எழுதி வைக்க வேண்டும். அளவு நன்றாகக் குறைந்ததும், பெரும்பாலும் ஓரிரு வாரத்தில், எடுத்துவிடுவார்கள். குழாயோடு வீட்டுக்கு வருவது சாதாரணம், பயப்பட வேண்டாம்.

மேல் கையின் உட்புறமும் அக்குளும் மரத்துப் போகலாம். அங்கே ஓடும் ஒரு நரம்பு ஆபரேஷனில் பாதிக்கப்படுவதால் வருவது இது. மாதக்கணக்கில் நீடிக்கலாம், சிலருக்குக் கொஞ்சம் நிரந்தரமாகவும் இருக்கும். குழாயை எடுத்த பிறகு தையலுக்கு அடியில் நீர் சேர்ந்தால் டாக்டர் ஊசியால் எடுத்துவிடுவார். அக்குளிலிருந்து முழங்கை வரை தோலுக்கு அடியில் கயிறு இழுப்பது போல ஒரு இறுக்கம் சிலருக்கு வரும். பயிற்சியில் சரியாகும். காய்ச்சல், தையல் சிவந்து சூடாதல், சீழ், திடீர் வீக்கம், மூச்சுத் திணறல் இருந்தால் மட்டும் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எடுத்த திசுவின் பரிசோதனை முடிவு வரும்வரை உள்ள நாட்கள்தான் பலருக்கு மிகக் கஷ்டமானவை. திசுவின் ஓரத்தில் நோய் தெரிந்தால், கட்டியை மட்டும் எடுத்தவர்களில் சிலருக்கு இன்னொரு சிறிய ஆபரேஷன் தேவைப்படும். அது டாக்டரின் தவறு என்று நினைக்க வேண்டியதில்லை. குறைவாக வெட்டுவதற்கு நாம் கொடுக்கும் விலை அது. கதிர்வீச்சும் முன்போல ஐந்தாறு வாரம் இல்லை. இப்போது பலருக்கு மூன்று வாரம். 2020-இல் பிரிட்டனில் வெளியான ஆய்வுக்குப் பிறகு, பொருத்தமானவர்களுக்கு ஒரே வாரத்தில் ஐந்து தடவை கொடுத்து முடிக்கிறார்கள்.

கையைத் தூக்கலாமா?

தாராளமாக. தூக்காமல் இருந்தால்தான் தோள் பூட்டிக்கொள்ளும். மறுநாளிலிருந்தே விரல், முழங்கை, தோளை மெதுவாக அசைக்கச் சொல்வார்கள். தலை வாருவது, சுவரில் விரல்களால் ஏறுவது போன்ற பயிற்சிகளை டாக்டர் சொல்லும் நாளில் தொடங்கலாம். பாரம் தூக்க மட்டும் சில வாரங்கள் பொறுக்க வேண்டும். இந்தப் பயிற்சிக்கும் ஒரு முன்னோடி உண்டு. நியூயார்க்கில் ஆபரேஷன் செய்துகொண்ட டெரீஸ் லாஸர், 1952-இல் இருந்து தன்னைப் போன்ற பெண்களை ஆஸ்பத்திரிப் படுக்கையிலேயே போய்ப் பார்த்து, கைப் பயிற்சியும் தைரியமும் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார். சில டாக்டர்கள் அவரை விரட்டினார்கள். இன்று அந்த இயக்கம் பல நாடுகளில் இருக்கிறது.

"ஆபரேஷன் ஆன கையால் வாழ்நாளெல்லாம் கனமான வேலை கூடாது" என்ற நம்பிக்கை 1990-கள் வரை மருத்துவர்களிடமே இருந்தது. 1996-இல் கனடாவின் வான்கூவரில் டான் மெக்கென்ஸி என்ற விளையாட்டு மருத்துவர் 24 பெண்களைச் சேர்த்து, டிராகன் படகு வலிக்கப் பயிற்சி கொடுத்தார். துடுப்பு போடுவதைவிடக் கைக்குக் கடினமான வேலை உண்டா? யாருக்கும் புதிதாகக் கை வீக்கம் வரவில்லை. இன்று உலகெங்கும் இப்படிப்பட்ட படகுக் குழுக்கள் இருக்கின்றன. 2009-இல், ஏற்கெனவே கை வீக்கம் இருந்த 141 பெண்களை வைத்து நடந்த ஆய்விலும், கண்காணிப்போடு படிப்படியாக எடை தூக்கியதால் வீக்கம் அதிகமாகவில்லை என்று தெரிந்தது. அதற்காக நாளைக்கே தண்ணீர்க் குடத்தைத் தூக்க வேண்டாம். "படிப்படியாக" என்ற வார்த்தை முக்கியம்!

நம் பக்கத்தில்

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் சென்னை அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். அவர் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 2021-இல் மறைந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். கட்டி முற்றிய நிலையில் வரும் பெண்கள் அதிகம் என்பதால், முதலில் கீமோவும் கதிர்வீச்சும் கொடுத்துவிட்டு ஆபரேஷன் செய்யும் முறையை அங்கே பல ஆண்டுகள் கையாண்டிருக்கிறார்கள். மும்பையின் டாட்டா மருத்துவமனை 2015-இல் 350 பெண்களிடம் செய்த ஆய்வை வெளியிட்டது. நோய் மற்ற உறுப்புகளுக்கு ஏற்கெனவே பரவியிருந்தால், மார்பகத்தை எடுப்பதால் ஆயுள் கூடுவதில்லை என்பது அதன் முடிவு. தேவையற்ற வெட்டு வேண்டாம் என்று சொன்னவர்களின் வரிசையில் நம் நாடும் இருக்கிறது.

முடிவாக

இந்த வரலாற்றில் எனக்குத் தோன்றுவது இதுதான். கத்தி சிறிதாவதற்கு இரண்டு விஷயங்கள் காரணம். ஒன்று, கேள்வி கேட்டது. இரண்டாவது, கட்டி சிறிதாக இருக்கும்போதே பெண்கள் வந்தது. முதலாவதை மற்றவர்கள் நமக்காகச் செய்துவிட்டார்கள். இரண்டாவதை அவரவர்தான் செய்ய வேண்டும். "மொத்தமாக எடுத்துவிடுவார்களோ" என்று பயந்து ஒளித்து வைக்கும் ஒவ்வொரு மாதமும், மொத்தமாக எடுக்க வேண்டிய நிலையைத்தான் பக்கத்தில் கொண்டுவருகிறது.

டாக்டரிடம் போகும்போது ஒரு தாளில் இவற்றை எழுதிக்கொண்டு போகச் சொல்லுங்கள். எனக்கு மார்பகத்தைக் காப்பாற்ற முடியுமா? முடியாதென்றால் ஏன்? அக்குளில் எத்தனை கணுக்களை எடுப்பீர்கள்? முதலில் கீமோ கொடுத்தால் பலன் உண்டா? கைப் பயிற்சியை எந்த நாளில் தொடங்கலாம்? இந்தக் கேள்விகளைக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

இதைப் படிக்கும் ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. மார்பகப் புற்றுநோய் நூறில் ஒன்று ஆண்களுக்கும் வருகிறது. அதோடு, வீட்டில் அம்மாவோ அக்காவோ மனைவியோ இதைச் சொல்லத் தயங்கி நின்றால், முதலில் அவர்கள் முகத்தைப் படிக்க வேண்டியவர்கள் நாம்தான். "வா, நானும் கூட வர்றேன்" என்ற ஒரு வார்த்தை போதும், அவர்கள் கிளம்பிவிடுவார்கள்.